மனப்பாடம் அல்ல

“தென்னாப்பிரிக்காவின் ஜூலு மக்கள் தங்கள் கதைகளைச் சொல் பிசகாமல் ஒப்பிப்பார்கள், 1868-இல் ஹென்றி காலவே என்ற ஆங்கிலேய மதபோதகர் அச்சிட்டதுதான் மூலம்” என்று சொல்வது தவறு. காலவே பதித்தது ஒருவர் ஒருமுறை சொன்ன வடிவம் மட்டுமே.

கதைசொல்லி மனதில் வைத்திருப்பது கதையின் கருவும் திரும்பத் திரும்ப வரும் பாட்டும். மற்றதெல்லாம் அன்றைய கூட்டத்தைப் பார்த்து விரியும், சுருங்கும். டெமானே-டெமசானா என்ற, ஜூலுக்களின் அண்டை மக்களான ஹோசாக்களின் கதையையே பாருங்கள்: குகைக்குள் இருக்கும் இரட்டைச் சகோதரியிடம் கதவைத் திறக்கச் சொல்லிச் சகோதரன் பாடுவான், நரமாமிசம் தின்பவன் அதே பாட்டைக் கரகரத்த குரலில் பாடி மாட்டிக்கொள்வான். பிறகு பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தொண்டைக்குள் விட்டுக் குரலை மாற்றிக்கொண்டு வருவான். சொல் ஒன்றே, குரல்தான் கதை! அச்சில் அது எப்படி வரும்?

கேட்பவர்களுக்கும் பங்கு உண்டு. ஜூலுவில் கதைசொல்லி “க்வாசுகாசுகேலா” (“ஒரு காலத்தில்” என்பதுபோல) என்று தொடங்கினால் அவர்கள் “சோசி” என்பார்கள். (“சோசி”யின் முதல் ஒலி, முன்பல்லில் நாக்கை வைத்துச் சொடுக்குவது, தமிழில் அதற்கு எழுத்தில்லை.)