எங்களைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல நீங்கள் யார்?

2025-இல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மேல் வரியை ஏற்றியது பற்றிய அந்த டிவி விவாதத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் இந்நேரம் வாட்ஸ்அப்பில் துண்டு வீடியோ வந்து சேர்ந்திருக்கும், அதனால் முழுக்கதையும் மறுபடி சொல்லப் போவதில்லை. "நாட்டோட கௌரவம்னு வரும்போது பனியன் தைக்கிறவங்க கொஞ்சம் பொறுத்துக்கணும்." இதுதான் அந்தப் பொருளாதார நிபுணர் சொன்னது. சிரித்துக்கொண்டே சொன்னார். நெறியாளரும் கூடச் சிரித்தார். எதிரே உட்கார்ந்திருந்த எதிர்க்கட்சிக்காரர் இதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் 2013-இல் யார் ஆட்சியில் டாலர் எவ்வளவு என்று கத்திக்கொண்டிருந்தார்.

பொறுத்துக்கொள்ளச் சொல்லும் ஆள் எதையும் பொறுத்துக்கொள்ளப் போவதில்லை. இந்தப் பதிவு முழுக்க இதைத்தான் சொல்லப் போகிறேன், வேறு சரக்கு கிடையாது. அவசரம் இருப்பவர்கள் இங்கேயே கிளம்பலாம்.

நான் பிறந்து வளர்ந்தது திருப்பூர். பிழைப்பு, ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்னச் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதுவது. அதனால் எனக்குக் கௌரவம் தெரியாது, கணக்குதான் தெரியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சரி, கணக்கே பேசலாம். நாம் அனுப்பும் காட்டன் டிசர்ட்டுக்கு அமெரிக்காவில் ஏற்கெனவே 16.5 சதவீதம் வரி இருந்தது. அதன்மேல் 2025 ஆகஸ்ட் 7 முதல் 25. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனை என்று ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. ஆக நூறு ரூபாய் டிசர்ட்டுக்கு வரி மட்டும் அறுபத்தாறரை ரூபாய் ஆனது. அதே சட்டையை பங்களாதேஷில் தைத்தாலும் வியட்நாமில் தைத்தாலும் அப்போது முப்பத்தாறரைதான். முப்பது ரூபாய் வித்தியாசம்! நம் ஆட்கள் ஒரு பீஸுக்கு ஐம்பது பைசா கூடக் குறைய என்று வெளிநாட்டு பையரிடம் மெயிலில் மன்றாடிக்கொண்டிருப்பவர்கள். இந்த வித்தியாசத்தை எந்த தேசபக்தியை வைத்து அடைப்பது? வருஷத்துக்கு நாற்பதாயிரம் கோடிக்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊர் இது, அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குத்தான் போகிறது.

போன வாரம் என் மச்சான் யூனிட்டுக்குப் போயிருந்தேன். பெரிய கம்பெனி ஒன்றும் இல்லை, மேலே ஷீட் போட்ட ஒரு ஹால், பத்துப் பதினைந்து தையல் மெஷின், ஓவர்லாக், பேட்லாக், ஓரமாகச் செக்கிங் டேபிள். கிறிஸ்துமஸுக்குப் போக வேண்டிய குழந்தைகள் பைஜாமா, சிவப்புத் துணியில் மான் படம் போட்டது, தைத்து முடித்து அட்டைப் பெட்டியில் டேப் ஒட்டி சுவரோடு அடுக்கி வைத்திருக்கிறார்கள். டாலர் விலை அச்சடித்த டேக்கைக்கூடத் தொங்கவிட்டாயிற்று. ஆர்டர் ஹோல்டு. கேன்சல் என்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், அனுப்பு என்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், வரியில் பாதியை விலையில் குறைத்து நீ ஏற்றுக்கொள் என்று மட்டும் பையர் கேட்கிறானாம். ஏற்றுமதிக் கம்பெனி அதை மச்சான் தலையில் கட்டுகிறது. மச்சான் யார் தலையில் கட்டுவான்? செக்கிங்கில் இருக்கும் அக்கா என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஏனுங் தம்பி, அடுத்த வாரம் வேலை இருக்குதுங்களா?" கணக்கு எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. போன வருஷம் இதே நேரத்தில் ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடம் அது. இப்போது ஐந்து மணிக்கெல்லாம் மெஷின் நிற்கிறது. அந்த அரை ஷிப்ட் காசில்தான் அவருடைய பெண் காலேஜ் பீஸ் கட்டிக்கொண்டிருந்தாள். நிபுணர் சொன்ன அந்தக் "கொஞ்சம்" இதுதான்.

இனி எண்ணெய்க்கு வருவோம், ஏனென்றால் தண்டனை அதற்காகத்தானே. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கும் முன் நாம் வாங்கும் கச்சா எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு இரண்டு சதவீதம்கூட இல்லை. அப்புறம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறியது. தள்ளுபடியில் கிடைத்தது, வாங்கினார்கள், நல்லது, நாட்டு நலன். ஆனால் அந்தத் தள்ளுபடியில் செக்கிங் அக்காவுக்கு எத்தனை பைசா வந்தது? இங்கே பெட்ரோல் நூறு ரூபாய்க்குக் கீழே இறங்கி வருஷக்கணக்காகிறது. 2024 தேர்தலுக்கு முன் இரண்டு ரூபாய் குறைத்தார்கள், அதோடு சரி. குஜராத்தில் இருக்கும் பெரிய சுத்திகரிப்பு ஆலைகள் அந்த எண்ணெயை டீசலாக்கி ஐரோப்பாவுக்கே விற்றன. லாபம் ஜாம்நகரிலும் வாடினாரிலும், அபராதம் திருப்பூரில்! இதைச் சொன்னால் உடனே "நீ அமெரிக்காவின் ஆளா" என்று கேட்பீர்கள். கேளுங்கள், பழகிவிட்டது.

அமெரிக்காவின் ஆள் என்றால் அடுத்ததை எழுத மாட்டேன். ரஷ்ய எண்ணெயை நம்மைவிட அதிகமாக வாங்குவது சீனா. அதற்காக அவர்களுக்குக் கூடுதல் வரி உண்டா? அதே ஆகஸ்டில் சீனாவோடான வரிக் கெடுவை 90 நாள் தள்ளி வைத்தார் டிரம்ப். மாமியார் உடைத்தால் மண்குடம். அமெரிக்காவே ரஷ்யாவிடம் யுரேனியமும் உரமும் வாங்குகிறதே என்று பத்திரிகையாளர் கேட்டதற்கு, எனக்கு எதுவும் தெரியாது, விசாரிக்க வேண்டும் என்றார். ஆகஸ்ட் 15-ஆம் தேதி அலாஸ்காவில் புதினை அழைத்து, விமானத்தடியில் சிவப்புக் கம்பளம் விரித்து, கைதட்டி, தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனார். போர் தொடுத்தவருக்குக் கம்பளம், அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து பனியனுக்கு வரி. அவருடைய ஆலோசகர் நவாரோ உக்ரைன் போரை "மோடியின் போர்" என்றார். அவர்கள் ஊர் மேல்முறையீட்டு நீதிமன்றமே ஆகஸ்ட் 29-இல் இந்த வரிகளில் பெரும்பாலானவை சட்டப்படி செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆனால் அப்பீல் செய்வதற்காக வரி தொடரும் என்றும் சொல்லிவிட்டது. தீர்ப்பு நமக்கு, வசூல் அவர்களுக்கு.

உக்ரைன் மக்கள் சாகும்போது உனக்கு டிசர்ட் கவலையா என்று வெளிநாட்டில் இருக்கும் ஒரு நண்பர் கேட்டார். ரொம்ப வலித்தது. எங்கள் சித்தப்பா மகள் கார்கிவில் மருத்துவம் படித்தவள். 2022 பிப்ரவரியில் சுரங்க ரயில் நிலையத்தில் படுத்துக்கொண்டு, சார்ஜ் தீர்ந்துவிடும் என்று ஒற்றை வரி மெசேஜ் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தாள். சித்தி வீட்டில் அந்த வாரம் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. அவளோடு படித்த உக்ரைன் பெண்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அந்த ஊர் எனக்கு வெறும் செய்தி இல்லை. ஆனால் ஒரு பீஸுக்கு இத்தனை ரூபாய் என்று கூலி வாங்கும் அக்காவின் மெஷினை நிறுத்தினால் கார்கிவில் ஒரு குண்டு குறையும் என்று யாராவது எனக்கு நிரூபித்தால் நானே போய் மெயின் சுவிட்சை அணைக்கிறேன்.

அடுத்த கூட்டம், "மார்க்கெட்டை மாற்றுங்கள்" கூட்டம். இவர்கள்தான் எனக்கு இருப்பதிலேயே எரிச்சல். ஒரே நாட்டை நம்பியது உங்கள் தப்பு, பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டாச்சே, அங்கே அனுப்ப வேண்டியதுதானே என்கிறார்கள். ஐயா, பிரிட்டன் ஒப்பந்தம் 2025 ஜூலை 24-இல்தான் கையெழுத்தானது, இந்த வரி விழுந்தபோது நடைமுறைக்கு வரவில்லை. அவர்கள் பார்லிமென்டில் நிறைவேற வேண்டியிருந்தது. வந்தாலும் ஒரு பையரைப் பிடிப்பது காய்கறிக் கடையை மாற்றுகிற மாதிரி இல்லை. சாம்பிள் அனுப்ப வேண்டும், அவன் ஆள் வந்து பேக்டரியைத் தணிக்கை செய்ய வேண்டும், அளவு வேறு, துணி எடை வேறு, சாயத்துக்கு டெஸ்ட் வேறு, முதல் ஆர்டரே குட்டியாகத்தான் வரும், பணம் வர மாதங்கள் ஆகும். பெரிய கம்பெனி தாங்கும். பத்து மெஷின் வைத்திருப்பவன் அதுவரைக்கும் சனிக்கிழமை சம்பளத்துக்கு எங்கே போவான்? இந்த ஊருக்கு மாறத் தெரியாது என்று மட்டும் பாடம் எடுக்காதீர்கள். 2011-இல் ஹைகோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகள் எல்லாம் மூடின, அப்பா வேலை இல்லாமல் வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்த வருஷம் அது. அப்புறம் பணமதிப்பிழப்பு, ஜிஎஸ்டி, கொரோனா, நூல் விலை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார்கள். நாங்களும் பொறுத்துக்கொண்டுதான் வருகிறோம். பருத்தி இறக்குமதி வரி 11 சதவீதத்தை எடுங்கள் என்று இங்கே வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், 2022-இல் சில மாதம் எடுத்ததோடு சரி, அப்புறம் அசையவில்லை. 2025 ஆகஸ்டில் நெருப்பு பிடித்ததும் ராத்திரியோடு ராத்திரியாக எடுத்தார்கள், அப்புறம் அந்த டிசம்பர் வரை நீட்டித்தார்கள். அப்படியென்றால் முன்பே முடிந்திருக்கும் இல்லையா?

"முதலாளிகளுக்கு வக்காலத்து வாங்குகிறாய், சாயக்கழிவால் நொய்யல் ஆற்றைக் கொன்றவர்கள்தானே" என்று ஒருவர் எழுதுவார். கொன்றவர்கள்தான். அதை நானும் எழுதியிருக்கிறேன், பழைய பதிவுகளைத் தேடிப் படிக்கவும். ஆறு செத்ததற்கு ஓவர்லாக் டைலர் பட்டினி கிடக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

விவசாயி நலனில் சமரசம் இல்லை, அதற்காகத் தனிப்பட்ட முறையில் பெரிய விலை கொடுக்கவும் தயார் என்று பிரதமர் ஆகஸ்ட் 7-ஆம் தேதி பேசினார். கொள்கை சரிதான், அமெரிக்கப் பால் பவுடர் வந்து இறங்கினால் எங்கள் பக்கத்து மாட்டுக்காரன் அழிவான், எனக்கும் தெரியும். ஆனால் அந்த விலையைக் கொடுத்துக்கொண்டிருப்பது யார் என்று ஒரு தடவையாவது சொல்லலாம் அல்லவா?

இதில் எனக்கு இன்னொன்றும் சேர்ந்து வருகிறது, சம்பந்தம் இல்லை என்று நினைப்பவர்கள் தாண்டிப் போகலாம். 2025 பிப்ரவரியில் அமெரிக்காவிலிருந்து 104 இந்தியர்களைக் கையில் விலங்கும் காலில் சங்கிலியுமாக ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். அப்போதும் இதே நிபுணர் ஜாதி ஆட்கள் "சட்டவிரோதமாகப் போனால் அப்படித்தான்" என்றார்கள். சரி, 2025 செப்டம்பர் 4-ஆம் தேதி அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஹூண்டாய் பேட்டரி ஆலையில் புகுந்து முந்நூறுக்கு மேற்பட்ட தென் கொரியர்களைச் சங்கிலி போட்டு இழுத்துப் போனார்களே, அவர்கள் நாடு அப்போதுதான் 35,000 கோடி டாலர் முதலீடு செய்கிறேன் என்று சொல்லியிருந்தது. பணத்தைக் கொட்டுகிறவனுக்கே அந்த மரியாதை.

சரி, அமெரிக்கப் போலீஸ் மட்டும்தானா? 2025 ஜூலையில் குருகிராமில் வங்காளி பேசுகிறார்கள் என்பதற்காகக் கூலிக்காரர்களைப் பிடித்து, நீ பங்களாதேஷியா என்று கேட்டு, சமுதாயக் கூடத்தில் அடைத்தது எந்த நாட்டுப் போலீஸ்? மடப்புரம் கோவில் காவலாளி அதே வருஷம் ஜூனில் நகைத் திருட்டுப் புகார் விசாரணையில் அடிபட்டே செத்தாரே, அது நம் ஊர்ப் போலீஸ்தானே? எந்த நாடாக இருந்தாலும் கேட்க நாதியில்லாதவன் முதுகுதான் முதலில் கண்ணில் படுகிறது. 2023-இல் பீகார் தொழிலாளர்களை இங்கே வெட்டுகிறார்கள் என்று பொய் வீடியோ கிளம்பியபோது பீகார் அரசாங்கம் ஒரு குழுவையே இங்கே அனுப்பியது, அதிகாரிகள் கம்பெனி கம்பெனியாகப் போய்த் தைரியம் சொன்னார்கள். அன்றைக்கு அந்தப் பையன்கள் ஊருக்குப் போய்விட்டால் திருப்பூர் படுத்துவிடும் என்று எல்லோருக்கும் பதற்றம். இப்போது வேலை இல்லாமல் அவர்களாகவே ரயில் டிக்கெட் போடுகிறார்கள். ஒரு குழுவும் வரவில்லை. மச்சான் யூனிட்டில் பேட்லாக் ஓட்டும் பையன் தீபாவளிக்குப் போய், அவர்கள் ஊர்ப் பண்டிகையான சட் பூஜை முடித்துவிட்டு வருவேன் என்கிறான். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

அப்புறம், போனஸ் பேச்சு என்னாச்சு என்று இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கு: பெரிய கம்பெனிகளில் இன்னும் உட்காரவே இல்லை. மச்சான் இந்த வருஷம் பாதிதான் தர முடியும் என்கிறான், அந்தப் பாதிக்கும் கடன்தான் தேடிக்கொண்டிருக்கிறான், பேங்கில் ஏற்கெனவே லிமிட் முடிந்துவிட்டது. நியாயமான வட்டிக்கு இடம் தெரிந்தவர்கள் எனக்கு மெசேஜ் பண்ணுங்கள். அறிவுரை வேண்டாம்.