அமைதியான வகுப்புக்குக் கைதட்டியவர்களுக்கு

அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எல்லோரும் பார்த்திருப்பீர்கள். டீச்சர் உள்ளே வருகிறார், ஒரு பார்வை பார்க்கிறார், மொத்த வகுப்பும் வாயில் விரலை வைத்துக்கொண்டு அசையாமல் உட்காருகிறது. "இதுதான் கிளாஸ் கன்ட்ரோல்" என்று ஆளாளுக்குப் பகிர்ந்தீர்கள். நான் கேட்டது ஒரே கேள்வி: முன் வரிசைப் பையன் ஏன் டீச்சரின் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறான்? அதற்கு வந்த பதில், "முதல்ல ஒரு கிளாஸ் எடுத்துப் பாரும்மா, அப்புறம் பேசலாம்." அதற்கு அத்தனை சிரிப்புக்குறிகள். நான் மதிக்கும் ஆசிரியர்கள்கூடப் போட்டிருந்தீர்கள்.

சரி, நான் இன்னும் ஆசிரியர் ஆகவில்லை, பயிற்சி மாணவிதான். ஆனால் வகுப்பறை மேலாண்மையைத்தான் இப்போது உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். படித்த வரையில் சொல்கிறேன்: கண்டிப்பு வேறு, பயமுறுத்துவது வேறு. இதைச் சொன்னாலே "அப்போ பிள்ளைகளை அவிழ்த்து விட்டுடலாமா?" என்கிறீர்கள். யார் சொன்னது?

உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960களில் பெற்றோர் பிள்ளை வளர்க்கும் முறைகளை வகை பிரித்தார். பின்னால் அதை வகுப்பறைக்கும் பொருத்திப் பார்த்தார்கள். "நான் சொல்றேன், செய், ஏன்னு கேட்காதே" என்பது ஒரு வகை. பிள்ளையின் போக்கிலேயே விட்டுவிடுவது இன்னொன்று. விதி உண்டு, விட்டுக்கொடுப்பதில்லை, ஆனால் காரணம் சொல்வார்கள், பிள்ளையும் பேசலாம் என்பது வேறொன்று. இந்தக் கடைசி வகையும் கண்டிப்புதான். அது உங்கள் கண்ணில் படுவதே இல்லை.

1970இல் வெளியான ஜேக்கப் கூனினின் ஆய்வை யாராவது படித்திருக்கிறீர்களா? வகுப்புகளை வீடியோ எடுத்துப் பார்த்தவர் அவர். பிள்ளை தப்பு செய்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில், ஒழுங்காக நடக்கும் வகுப்புக்கும் கைமீறிப் போன வகுப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் இருந்தது அதற்கு முன்னால். பலகையில் எழுதிக்கொண்டிருந்தாலும் கடைசி பெஞ்சில் என்ன நடக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிகிறது. தெரிகிறது என்பது பிள்ளைகளுக்கும் தெரிகிறது. பாடம் அறுபடாமல் ஓடுகிறது. அவ்வளவுதான். இதில் மிரட்டல் எங்கே வந்தது?

பலகையில் பெயர் எழுதும் பழக்கத்தையும் படித்தோம். லீ கேன்டரும் மார்லீன் கேன்டரும் 1976இல் ஆசிரியர்களுக்காக முன்வைத்த வகுப்புக் கட்டுப்பாட்டு முறையில் அது உண்டு: முதல் முறை பெயர், அடுத்தடுத்த முறை பக்கத்தில் ஒவ்வொரு குறி. பிள்ளைகளை அவமானப்படுத்துவதாகப் பேச்சு வந்த பிறகு, பலகையை விட்டுவிட்டு ஆசிரியர் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும் என்று லீ கேன்டரே மாற்றிச் சொன்னார்.

இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏழாம் வகுப்பில் என் பெயரும் பலகையில் ஏறியது. பக்கத்தில் இருந்தவளிடம் "எந்தப் பக்கம்?" என்று கேட்டேன், அவ்வளவுதான் பேசினேன். லீடர் எழுதினாள். டீச்சர் வந்தார், என்ன ஏது என்று கேட்கவில்லை, பீரியட் முழுக்க நிற்க வைத்தார். அன்று நடத்தியது மைனஸ் எண்கள். மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவில்லை. அந்த வருடம் முழுக்க அவரிடம் எதையுமே கேட்கவில்லை. அவர் கணக்கில் நான் அடக்கமான பிள்ளை. நீங்கள் கைதட்டிய வகுப்பிலும் இப்படி எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களோ!

"நாங்க அடி வாங்கித்தான் உருப்பட்டோம்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களோடு படித்து, அடி தாங்காமல் நின்றுபோனவர்கள் இங்கே வந்து கமென்ட் போடப்போவதில்லை.

"ஐம்பது பேரை வைத்துக்கொண்டு மேய்த்துப் பார், தெரியும்." நியாயம்தான். தொண்டை கட்டி, பேப்பர் திருத்தி, ரெக்கார்டு எழுதி அலுத்துப்போன ஆசிரியர்களை நானும் பார்க்கிறேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கூட்டம் அதிகம் என்றால் ஆசிரியர்களை அதிகமாகப் போடச் சொல்லிக் கேளுங்கள், நானும் கூட வந்து நிற்கிறேன். பிள்ளையின் வாயில் விரலை வைக்கச் சொல்வது அதற்குத் தீர்வா? பள்ளி ஒழுங்குமுறை குழந்தையின் மனித கண்ணியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று 1989இல் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. கண்டிப்பு வேண்டும். பயம் வேண்டாம். இதற்கா அந்தச் சிரிப்பு?

அடுத்து எங்களுக்குக் கற்பித்தல் பயிற்சி. பார்வையாளர் பின்னால் உட்கார்ந்து மார்க் போடுவார், "வகுப்புக் கட்டுப்பாடு" என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. சத்தம் கேட்டால் அதில் கைவைப்பார்கள் என்று சீனியர்கள் இப்போதே எச்சரிக்கிறார்கள். என் வகுப்பில் குழுவாக உட்கார்ந்து பேசித்தான் கணக்குப் போடுவார்கள், சத்தம் வரத்தான் செய்யும். அந்தக் கட்டத்தில் எவ்வளவு குறைத்தாலும் குறைக்கட்டும்.