அம்மா சொன்ன "கோடி" தப்பில்லை

போன ஆடி மாதம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் நின்றுவிட்டது. 12 நாள் கழித்து ஒவ்வொரு சொல்லாகத் திரும்ப ஆரம்பித்ததும் ஸ்பீச் தெரபிக்கு அனுப்பினார்கள்.

ஒரு பெண் எதிரே உட்கார்ந்து படம் காட்டினார். முதலில் கோழி. அம்மா "கோடி" என்றாள். "கோழி சொல்லுங்கம்மா, கோ... ழி." மறுபடியும் "கோடி". தாளில் தப்பு என்று குறித்துக்கொண்டார். அடுத்தது மரம். "செட்டு" என்றாள். அதுவும் தப்பு. பிறகு குடை. "கதவு" என்றாள். சொன்ன மாத்திரத்தில் முகம் சுருங்கியது, தலையை வேகமாக ஆட்டினாள், இடது கையால் கட்டில் விளிம்பில் தட்டினாள். மூன்றாவது தப்பு.

நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்துத் தெலுங்கு வீடு. எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கிறோம் என்று எங்களுக்கே தெரியாது. எங்களில் யாருக்கும் தெலுங்கு எழுதவோ படிக்கவோ வராது. வாயும் காதும்தான் அந்த மொழிக்கு. அதில் கோழிக்குப் பெயர் கோடி. மரத்துக்குப் பெயர் செட்டு. மூன்றில் இரண்டை அம்மா சரியாகச் சொல்லியிருக்கிறாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் காதுக்கு அந்தச் சொற்கள் அவ்வளவு பழக்கம் என்பதால், எந்த மொழியில் சொல்கிறாள் என்று பிரித்துப் பார்க்கவே தோன்றவில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. அன்று எனக்குத் தூக்கமில்லை.

அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததில் எனக்குப் பெரிதாகப் பட்ட ஒன்றைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நாம் சாதாரணமாகப் பேசும்போது நொடிக்கு இரண்டு மூன்று சொல் வருகிறது. ஒரு படத்தைப் பார்த்துப் பெயரை வாயால் சொல்ல ஆரம்பிக்க நல்ல மூளைக்கு 0.6 நொடி அளவே ஆகும். அதற்குள் பொருளை அடையாளம் கண்டு, சொல்லைத் தேர்ந்தெடுத்து, ஒலிகளைக் கோத்து, நாக்குக்கும் உதட்டுக்கும் உத்தரவு போயாக வேண்டும். இரண்டு மொழிக்காரர்களுக்கு ஒரு வேலை கூடுதல். கோழியைப் பார்த்ததும் "கோழி", "கோடி" இரண்டுமே உள்ளே விழித்துக்கொள்கின்றன. ஒரு மொழியை மூடி வைத்துவிட்டு இன்னொன்றைப் பேசுவதென்பது கிடையாது. வேண்டாததை ஒவ்வொரு தடவையும் அமுக்கியாக வேண்டும். டேவிட் கிரீன் என்ற ஆய்வாளர் 1998இல் இதைத் தெளிவாக எழுதினார். மூளையின் முன்பகுதி, ஆழத்தில் உள்ள காடேட் என்ற பகுதி எல்லாம் இந்த வேலையில் சேர்கின்றன. 1999இல் மியூட்டர், ஆல்போர்ட் என்ற இருவர் செய்த சோதனையில், பலமான மொழிக்குத் திரும்பும்போதுதான் அதிகம் தாமதமானது. பலமானதை அழுத்தி அமுக்கியிருக்கிறோம், அதை விடுவிக்க நேரம் பிடிக்கிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம்.

கண்டக்டரிடம் தமிழில் சில்லறை கேட்டுவிட்டு அதே மூச்சில் என்னைத் தெலுங்கில் உட்காரச் சொன்ன அம்மாவை நினைத்துக்கொண்டேன். எவ்வளவு நுணுக்கமான வேலையை எவ்வளவு அலட்சியமாகச் செய்திருக்கிறாள்!

இதெல்லாம் பேச்சை உண்டாக்குகிற பாதி. இன்னொரு பாதி, பேச்சைக் கண்காணிப்பது. வில்லெம் லெவல்ட் என்ற டச்சு அறிஞர் வாழ்நாளெல்லாம் இதை ஆராய்ந்தவர். சொல்லப்போவதை நாம் சொல்வதற்கு முன்பே உள்ளே ஒருமுறை கேட்டுப் பார்க்கிறோம், சொன்ன பிறகு காதாலும் கேட்கிறோம் என்கிறார். தப்பான சொல்லின் முதல் ஒலி வந்ததுமே சட்டென நிறுத்தித் திருத்துகிறோமே, காதால் கேட்டுத்தான் திருத்துவது என்றால் அவ்வளவு சீக்கிரம் நிறுத்தவே முடியாது.

இங்கேதான் அம்மாவின் முகம் எனக்கு விளங்கியது. "கதவு" என்றதும் துடித்தவள், "கோடி" என்றபோதும் "செட்டு" என்றபோதும் அமைதியாக இருந்தாள். திருத்தச் சொன்னபோது கூட, ஏன் கேட்கிறார்கள் என்பதுபோல்தான் பார்த்தாள். சொல்லை எடுத்துத் தரும் இடம் அடிபட்டிருக்கிறது. சரிபார்க்கும் ஆள் உள்ளே விழித்துக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் சொன்ன தீர்ப்பை அந்த அறையில் யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

எல்லோருக்கும் இப்படி இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேச்சு தடையில்லாமல் வந்தும் பொருள் சேராத வெர்னிக்கே வகைப் பேச்சிழப்பில், தான் பேசுவது தப்பு என்பதே பலருக்குத் தெரிவதில்லை. "கோழி" வாயில் குழறி "கோடி" ஆவதும் பக்கவாதத்தில் சகஜம்தான். ஆனால் "மரம்" குழறி "செட்டு" ஆகாது. வீட்டில் என்ன மொழி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

"இரண்டு மொழி தெரிஞ்சா மூளைக்கு நல்லதாமே, சீக்கிரம் சரியாயிடும்" என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். பாதி உண்மை. ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 608 பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். அறிவுத்திறன் பாதிக்கப்படாமல் தப்பியவர்கள் இரு மொழிக்காரர்களில் 40.5 சதவீதம், ஒரு மொழிக்காரர்களில் 19.6. ஆனால் பேச்சிழப்பு வருவதில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. எந்த மொழி முதலில் திரும்பும் என்பதற்கும் விதி கிடையாது. பழைய பிரெஞ்சு அறிஞர்கள் இருவரில், முதலில் கற்ற மொழி என்றார் ரிபோ, அதிகம் புழங்கிய மொழி என்றார் பித்ர். இருவருக்கும் பொருந்தாத நோயாளிகள் நிறையவே இருந்திருக்கிறார்கள். அதனால்தான் எல்லா மொழியிலும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் தெலுங்கைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 42 லட்சம் பேர். கன்னடம், உருது, மதுரைச் சௌராஷ்டிரா வீடுகள் தனி. இவர்களிடம் தமிழில் மட்டும் படம் காட்டி, பாதி மூளையைச் சோதித்துவிட்டு முழு மூளைக்கும் மார்க் போடுவது அநியாயம். வீட்டில் இருப்பவர்களும் "தமிழ்ல சொல்லு, தமிழ்ல சொல்லு" என்று அதட்டாதீர்கள். வந்த சொல்லை வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை போனபோது அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, உடனே தாளில் தெலுங்குக்கென்று இன்னொரு கோடு கிழித்தார். நான் தெலுங்குக்குக் காது கொடுத்தேன். 20 படத்தில் 5 சரி என்றிருந்தது 11 ஆனது. நோய் மாறவில்லை, அதே அம்மாதான். ஆனால் பயிற்சி அன்றிலிருந்து சரியான இடத்தில் தொடங்கியது.

அம்மாவின் ஃபைலில் முதல் பக்கமாக ஒரு தாள் வைத்திருக்கிறேன்: எண்ணுவது தமிழ், திட்டுவது தெலுங்கு, கடைக்கணக்கு தமிழ், சாமியிடம் பேசுவது தெலுங்கு. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால் முதல் நாளே இப்படி ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். கோவில்பட்டி, சாத்தூர் பக்கம் தெலுங்கில் கேட்டுச் சொல்ல ஆள் இல்லையென்றால் எனக்கு மெசேஜ் போடுங்கள், நான் வந்து உட்காருகிறேன்.