வேட்டங்குடிக்கு வந்தது உளவுப் பறவையா?

"வேட்டங்குடிக் கண்மாயில் சீன உளவுப் பறவை, கால் வளையத்தில் கேமரா!" காரைக்குடி, திருப்பத்தூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

அது வெறும் உலோக வளையம். பேட்டரியும் கிடையாது, கேமராவும் கிடையாது. பொறித்த எண்ணும், தகவல் சொல்ல வேண்டிய முகவரியும்தான் இருக்கும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாக இப்படி வளையமிடுகிறது. அதே பறவை வேறோர் ஊரில் சிக்கினால், எங்கிருந்து எங்கே போனது என்று தெரிந்துவிடும். சில பறவைகளின் முதுகில் சூரிய ஒளியில் ஓடும் சின்னக் கருவி இருக்கும். அதன் முக்கிய வேலை இருப்பிடத்தை அனுப்புவது.

மும்பையில் 2023இல் பிடிபட்ட புறாவை இதே சந்தேகத்தில் 8 மாதம் அடைத்து வைத்தார்கள். கடைசியில் அது தைவான் பந்தயப் புறா. பாவம்!

வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர் கொள்ளுக்குடிப்பட்டி. பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிக்காத அந்த ஊரில் இப்படி ஒரு புரளியா? வளையம் தெரிந்தால் துரத்தாமல், தள்ளி நின்று படமெடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.