பூட்டுறதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க

ஞாயித்துக்கிழமை இங்க ரங்கூன்ல நம்ம தமிழர் கூட்டத்துல நடந்தது உங்களுக்கே தெரியும். பாதிப் பேர் அந்த வீடியோவை எனக்கே அனுப்பி வெச்சீங்க. இந்தியாவுலருந்து வந்த விருந்தாளி, நாம மாலை போட்டு உட்கார வெச்ச மேடையிலயே, "பர்மா உளுந்து வந்துதான் எங்க விவசாயி தலையில துண்டு போட்டுக்கிட்டான், அதை நிறுத்தினாத்தான் விடிவு"ன்னு முழங்கினார். அப்புறம் பந்தியில நாலு மெதுவடை சாப்பிட்டார். எந்த ஊர் உளுந்துன்னு நான் கேக்கலை. விருந்தாளியாச்சே.

உளுந்துத் தரகன் நான், அங்க முழுங்கினதை இங்க கக்கிடறேன். விருந்தாளி சார், வாங்காதேன்னு சொல்லுங்க, உங்க நாடு, உங்க இஷ்டம். ஆனா வாசலைப் பூட்டுறதா இருந்தா, இங்க ஒருத்தன் விதைக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. என் வழக்கு இவ்வளவுதான்.

பர்மாக்காரன் உளுந்து அவ்வளவா சாப்பிடறதில்லை. அவனுக்கு அவிச்ச பட்டாணியும் கொண்டைக்கடலையும் போதும். பெகு, ஐராவதிப் பக்கம் நெல் அறுத்த ஈரத்துல விதைச்சு, பிப்ரவரி மார்ச்சுல எடுக்கிற சரக்குல முக்காலும் இந்தியாவுக்குத்தான். 2015ல அங்க துவரை கிலோ 200 ரூபாயைத் தொட்டப்போ "அனுப்பு, அனுப்பு"ன்னு ஓயாம போன். விலையைப் பார்த்து இங்க எல்லாரும் பயறு விதைச்சாங்க. 2017 ஆகஸ்ட்ல இந்திய அரசு அடுத்தடுத்து ரெண்டு உத்தரவு போட்டுச்சு: துவரை வருஷத்துக்கு 2 லட்சம் டன், உளுந்தும் பச்சைப்பயறும் சேர்த்து 3 லட்சம் டன், அதுக்கு மேல வரக்கூடாது. உளுந்துக்கு வரியா? வரி பூஜ்யம்தான் சார்! வாசல்ல கோலம், உள்ள தாழ்ப்பாள். பர்மாவும் சேர்ந்த தென்கிழக்கு ஆசிய நாடுகளோட (ஆசியான்) இந்தியா போட்ட தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் 2010 ஜனவரியிலயே நடைமுறைக்கு வந்தாச்சு. வங்காள விரிகுடாவைச் சுத்தின நாடுகளோட கூட்டமைப்பான பிம்ஸ்டெக்ல தடையில்லா வர்த்தகத்துக்கு 2004ல கடைக்கால் போட்டாங்க, சுவர் இன்னும் எழும்பலை.

அந்த ஆகஸ்ட்ல ரங்கூன் பயின்னவுங் சந்தையில இருக்கிற எங்க குடோனுக்கு பெகு பக்கத்து விவசாயி, ஊலே ஒருத்தர் வந்தார் (பர்மியப் பேச்சுல பெரியவங்களை மாமா, சித்தப்பான்னு கூப்பிடற மாதிரி). அப்பா காலத்துலருந்து எங்களுக்குத்தான் சரக்கு போடுவார். கைலி மடிப்புலருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து எனாமல் தட்டுல கொட்டினார். விரலால பரப்பி, ஒண்ணை எடுத்துக் கடிச்சார். டக்குன்னு சத்தம், நல்லா காய்ஞ்ச சரக்கு. "என்ன விலை தருவே"ன்னு கேக்கலை. "எடுப்பியா"ன்னு மட்டும் கேட்டார். சென்னையில என்கிட்ட நாலு வருஷமா வாங்கிக்கிட்டிருந்தவர் அன்னிக்கு என் போனையே எடுக்கலை. ஊலே தட்டுல இருந்த உளுந்தை ஒண்ணு விடாமப் பொறுக்கிப் பொட்டலம் கட்டிக்கிட்டுப் போனார்.

"உன் கமிஷன் போச்சுன்னு அழுவுறே"ன்னு இப்ப ஒரு தம்பி வருவார். ஆமா தம்பி, போச்சு. தரகன் வயித்துல அடிச்சா மட்டும் வலிக்காதா? நான் உழலை, அறுக்கலை. ஆனா மூட்டை மூட்டையா வண்டு விழுந்ததைப் பார்த்தவன் நான். ராத்திரி உட்கார்ந்து சலிச்சவன் நான். எழுபது வயசுல எங்க அப்பா பக்கத்துல உட்கார்ந்து சல்லடை பிடிச்சார். கமிஷனுக்காகத்தான்னே வெச்சுக்கோங்க.

"அப்போ இந்திய விவசாயி சாகணுமா?" சாகக் கூடாது. அங்கயும் அந்த வருஷம் அமோக விளைச்சல், விலை விழுந்துச்சு. ஒத்துக்கறேன். அதுக்கும் என் பதில் அதேதான், முன்னாடியே சொல்லுங்க.

முடியாதுன்னு சொல்லாதீங்க. 2021ல ரெண்டு அரசும் உட்கார்ந்து, 2025-26 வரைக்கும் வருஷத்துக்கு 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரைன்னு எழுதிக்கிட்டாங்களே? அஞ்சு வருஷத்துக்கு முன்கூட்டியே! தனக்குத் தேவைப்பட்டா வாய் வருதுல்ல?

உண்மையைச் சொன்னா, சுட்டது உளுந்துப் பேச்சு மட்டும் இல்ல. அந்த விருந்தாளி நம்மளைப் பார்த்துக் கைநீட்டி "உங்க பர்மாக்காரங்க"ன்னார் பாருங்க, அது. எங்க சின்னத் தாத்தா 1964ல கடையை அப்படியே விட்டுட்டுக் கப்பல் ஏறினார். சென்னையில சாகிற வரைக்கும் அவர் பேரு பர்மாக்காரர். இங்கயே தங்கின எங்களுக்கு இன்னிக்கும் பேரு கலா, இந்தியாக்காரனை இளக்காரமா சொல்ற பர்மியச் சொல்லு. சின்னத் தாத்தாவோட மகன் பொறந்த ஊருக்கே திரும்பிடலாம்னு மணிப்பூர் வரைக்கும் போய், எல்லையில மறிச்சதால அங்க எல்லை ஊரான மோரேயிலயே கடை போட்டார். 1994ல எல்லை வர்த்தகத்துக்குக் கையெழுத்தாச்சு. அடுத்த வருஷம் அவர் கடை வாசல் வழியாவே எல்லை தாண்டி பர்மாவோட தமு ஊருக்குச் சரக்கு போச்சு. சாமானுக்கு வழி விட்டாங்க. அவர் கடைசி வரைக்கும் ரங்கூனைப் பார்க்கலை.

சரி, எங்கயோ போயிட்டேன். இன்னிக்குக் காலையில ஊலேயோட மகன் போன் பண்ணினான். அவங்க பக்கம் நெல் அறுப்பு முடியப் போகுதாம். இந்தத் தடவை உளுந்து எத்தனை ஏக்கர் போடலாம் அண்ணேன்னு கேட்டான். நாளைக்குச் சொல்றேன்னு வெச்சுட்டேன்.