கத்திதான் நம்ம ஊருக்கு அடையாளமா?

ரெண்டு நாளாக எல்லோர் பக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கிற அந்தப் பிறந்தநாள் வீடியோவைப் பற்றித்தான். பட்டாக்கத்தியில் கேக் வெட்டுகிறார்கள், பின்னால் மீனாட்சி கோவில் தெற்குக் கோபுரம் தெரிகிறது, கீழே ‘மதுரைக்காரன்டா’ என்று எழுத்து ஓடுகிறது. வெட்டிய பையன்களுக்கு இருபது வயதுகூட இருக்காது. எனக்கு வலித்தது அதன் கீழே வந்த கமென்ட்டுகள். ‘நம்ம ஊரு கெத்து’, ‘இதான்டா மண்ணோட வீரம்’. எழுதியவர்களில் பலர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். வேலையில் இருக்கிறவர்கள், பிள்ளை குட்டி உள்ளவர்கள்.

நாம் எதைக் காட்டி ‘இதுதான் நாங்க’ என்கிறோமோ, அதைத்தான் வெளியூர்க்காரன் எடுத்துக்கொண்டு போகிறான். கத்தியைக் காட்டினால் கத்தியோடு போவான்.

சினிமாக்காரன்தான் கெடுத்தான் என்பீர்கள். நானும் பல வருஷம் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மதுரை என்றாலே அருவாள், டாட்டா சுமோ, துரத்தல் என்று வரிசையாகப் படம் எடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் தியேட்டரில் அந்த அருவாள் மேலே போகும்போதெல்லாம் எழுந்து நின்று விசிலடித்தது யார்? நாமதானே. நாம் ரசித்ததால்தான் அடுத்த படத்திலும் அதையே வைத்தான்.

2009-ல் சென்னையில் வீடு தேடி அலைந்தேன். ஒரு வீட்டில் வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசி முடித்தாயிற்று. வீட்டுக்கார அம்மா காபி கொடுத்தார். நல்ல மனுஷி. “சொந்த ஊர் எது தம்பி?” என்றார். மதுரை என்றேன். டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர், திரும்பி வந்து “அவர் வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்” என்றார். இன்று வரை சொல்லவில்லை. என் அப்பா புதுமண்டபத்துத் தையல்காரர். எங்கள் வீட்டில் இருந்த கூரான பொருள் அவருடைய கத்தரிக்கோல் ஒன்றுதான். அதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

புதுமண்டபத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மீனாட்சி கோவிலுக்கு எதிரே இருக்கிற பழைய கல்மண்டபம் அது, அப்போது அதற்குள்ளேதான் தையல் கடைகள். பங்குனி பிறந்துவிட்டால் அப்பாவுக்குத் தூக்கம் கிடையாது. அழகருக்கு நேர்ந்துகொண்டவர்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து சட்டை, சல்லடம் என்கிற அரைக்கால் உடுப்பு, உருமா என்கிற தலைப்பாகை எல்லாம் தைக்க வருவார்கள். சிவப்பு வெல்வெட்டை மடியில் போட்டுக்கொண்டு ஓரத்துக்கு ஜரிகை வைத்துத் தைப்பார். சம்கியை ஒவ்வொன்றாக ஊசியில் கோத்து இழுக்கும்போது உதட்டை மடித்துக்கொள்வார், மூச்சு விடமாட்டார். நான் கல்தூணில் சாய்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன், நோட்டு முழுக்க சம்கி ஒட்டியிருக்கும். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் தோப்பறை என்கிற தோல்பையில் தண்ணீர் நிரப்பி, சித்திரைத் திருவிழாவில் வைகைக்கு வருகிற அழகர் மேல் பீய்ச்சி அடிப்பார்கள். இறங்கிய சாமி அன்றைக்கு ராத்திரி வண்டியூரில் தங்குகிறார், துலுக்க நாச்சியார் என்கிற முஸ்லிம் பெண்ணின் வீட்டில் என்று ஊர் சொல்கிறது. இதெல்லாம் மதுரை இல்லையா? இதற்குக் கீழே ‘கெத்து’ என்று எழுத யாருக்கும் கை வரவில்லையா?

வீரம் என்றுதானே கேட்டீர்கள்? 1939 ஜூலை 8 அன்று, எதிர்ப்பு அவ்வளவு இருந்தும், வைத்தியநாத ஐயர், சாதியைச் சொல்லி உள்ளே விடாமல் வைத்திருந்த கக்கனையும் மற்றவர்களையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி கோவிலுக்குள் போனாரே, அது இந்த ஊரில்தான் நடந்தது. அதே கோபுரத்தைப் பின்னணியில் வைத்துக்கொண்டுதான் நீங்கள் கத்தி பிடித்திருக்கிறீர்கள். 1921 செப்டம்பரில் காந்தி மேல்சட்டையை விட்டுவிட்டு அரையாடையோடு வெளியே வந்ததும் மேலமாசி வீதி வீட்டிலிருந்துதான்.

இன்னொன்று. 1830, 40-களில், வெள்ளைக்காரக் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்தார்கள். இடித்தவர்களுக்கே அந்த இடத்தில் மனை கிடைத்தது. வெளிவீதிகள் அப்படி வந்தவைதான். மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்ற பெயர்களும் அந்த வேலையைப் பார்த்தவர்களுடையவை. நம்ம பாட்டன் பூட்டன் சுவரை இடித்து ஊரை அகலமாக்கினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் இடம் விட்டார்கள். சௌராஷ்டிரக்காரர்கள் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சுங்குடிச் சேலை இன்று மதுரைச் சுங்குடிதான். மதுரைக்காஞ்சி பாடப்பட்ட காலத்திலேயே இங்கே பகலுக்கு நாளங்காடி, இரவுக்கு அல்லங்காடி. ராத்திரி இரண்டு மணிக்கும் பயமில்லாமல் சாப்பிட வரலாம் என்பதால்தான் தூங்கா நகரம். பயமுறுத்துகிற ஊருக்கு ராத்திரியில் எவன் வருவான்?

‘சின்னப் பசங்க, விளையாட்டா பண்ணிட்டாங்க’ என்கிறார்கள். சரி, விட்டுவிடுவோம். கெத்து என்கிற சொல்லுக்குள் எந்தச் சாதிப் பெருமை ஒளிந்திருக்கிறது என்று உள்ளூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதையும் விடுவோம்.

ஆனால் ‘ஊரை விட்டுப் போனவனுக்கு எதுக்கு இந்தப் பேச்சு’ என்று இன்பாக்ஸில் ஒருத்தர் கேட்டார் பாருங்கள், அதை விடமுடியவில்லை. பிழைப்புக்குத்தான் போனேன். போன இடத்தில் பதினைந்து வருஷத்துக்கும் மேலாக உங்கள் எல்லோருக்காகவும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறவன் நான். ஆபீஸில் யாருடனாவது குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், “மதுரைக்காரர்ப்பா, பாத்துப் பேசு” என்று சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன். என் கோபத்தைக்கூட என் கோபமாக யாரும் பார்த்ததில்லை. ஊருக்குள்ளேயே இருக்கிறவர்களுக்கு இது புரியாது, ஏனென்றால் அவர்களிடம் ‘சொந்த ஊர் எது’ என்று யாரும் கேட்பதில்லை.

புதுமண்டபத்துக் கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாறின. சிற்பங்களைக் காப்பாற்ற அது தேவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அத்தனை வருஷம் அங்கே தையல் மிஷின் சத்தம் கேட்டதே, அது நின்றபோது இந்தக் ‘கெத்து’க்காரர்களில் ஒருத்தராவது ஒரு வரி எழுதினீர்களா? நான் தேடிப் பார்த்தேன்.

அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்களில் என் அக்கா மகனும் ஒருவன். அடுத்த மாதம் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்கிறான், ரூம் தேடிக்கொண்டிருக்கிறான். எடுத்துவிடுடா என்று மெசேஜ் போட்டேன். “சும்மா ஜாலிக்குத்தான் மாமா” என்று ஒரு பதில் வந்தது. இன்று காலை இரண்டு தடவை போன் பண்ணினேன், எடுக்கவில்லை. வீடியோ இன்னும் அவன் பக்கத்தில்தான் இருக்கிறது.