லிங்கனின் அப்பா செருப்பு தைக்கவில்லை ஐயா!

வந்துவிட்டது, மறுபடியும் ஃபார்வர்டாக அதே செருப்புக் கதை. அதிபரான முதல் நாள் லிங்கன் செனட்டில் பேச எழுந்தாராம். பணக்கார உறுப்பினர் ஒருத்தர் குறுக்கே எழுந்து, "உன் அப்பன் தைத்த செருப்புதான் என் காலில் கிடக்கிறது" என்றாராம். "பிய்ந்தால் கொண்டு வாருங்கள், தைத்தும் தருவேன், நாட்டையும் ஆளுவேன்" என்றாராம் இவர். சபை கப்சிப். கீழே வரிசையாகக் கைகூப்புப் பொம்மைகள்.

சரி, எந்தச் சபை? 1861 மார்ச் 4 அன்று லிங்கன் பேசியது கேப்பிட்டல் கட்டடத்தின் கிழக்கு முகப்பில், வெட்டவெளியில். ஏழு தென் மாநிலங்கள் பிரிந்து போயாச்சு, கொலை மிரட்டல் வேறு. தளபதி ஸ்காட் சுற்றியிருந்த கூரைகளில் துப்பாக்கி வீரர்களை ஏற்றி வைத்திருந்தார். அந்த நேரத்தில் ஒருத்தர் எழுந்து காலைத் தூக்கிக் காட்டினாராம். காட்டியிருந்தால் லிங்கன் பதில் சொல்லும் வரை உயிரோடு இருந்திருப்பாரா?

அடுத்து அந்த அப்பா. தாமஸ் லிங்கன் விவசாயி, தச்சர். செருப்பு தைப்பதும் நல்ல தொழில்தான். அவர் செய்தது அதில்லை, அவ்வளவுதான். கென்டக்கியில் நிலம் வாங்கி, பத்திர வில்லங்கத்தில் மாட்டி நொந்துபோய் 1816-இல் இந்தியானாவுக்குக் குடிபெயர்ந்தவர். நிலத் தகராறு! நம் ஆட்களுக்கு இதைவிட நெருக்கமாய்ப் புரிகிற கதை உண்டா? அதை ஒருத்தரும் ஃபார்வர்டு செய்ய மாட்டார். அப்பாவுக்கும் மகனுக்கும் ஒட்டுதலும் கிடையாது. 1851 ஜனவரியில் அவர் இறந்தபோது லிங்கன் அடக்கத்துக்கே போகவில்லை. செத்துப் பத்து வருஷமான தச்சரை எழுப்பி வந்து ஊசியும் நூலும் கையில் கொடுக்கிறார்கள்.

இது ஓய்ந்தால் தோல்விப் பட்டியல். 1832 தோல்வி, 1838 (சபாநாயகர் பதவிக்கு) தோல்வி, 1843, 1848, 1855, 1858, பிறகு திடீரென்று 1860-இல் அதிபர். ஏதோ லாட்டரி விழுந்த மாதிரி! 1834, 1836, 1838, 1840 என்று நாலு தடவை இல்லினாய் சட்டமன்றத்துக்கு ஜெயித்தாரே, அது எங்கே? 1846-இல் காங்கிரஸுக்கு ஜெயித்தது? 1832-இல் 13 பேரில் எட்டாவது வந்தார், உண்மை. ஆனால் அவர் குடியிருந்த நியூ சேலத்தில் 300 ஓட்டில் 277 அவருக்குத்தான். 1848-இல் அவர் நிற்கவே இல்லை. ஆளுக்கொரு தவணை என்று கட்சிக்குள் பேசி வைத்த ஏற்பாடு.

அந்த 1855-ஐப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. செனட்டரை அப்போது தேர்ந்தெடுத்தது மாநிலச் சட்டமன்றம். முதல் சுற்றில் லிங்கனுக்கு 44, இன்னொரு வேட்பாளர் டிரம்புலுக்கு வெறும் 5. சுற்றுமேல் சுற்று போய், எதிரணி மாட்டிசன் ஜெயித்துவிடுவார் என்ற நிலை வந்ததும், மிச்சமிருந்த தன் ஆட்களை டிரம்புலுக்குப் போடச் சொல்லிவிட்டார் லிங்கன். டிரம்புல் 51, மாட்டிசன் காலி. அடிமைமுறையைப் புதுப் பிரதேசங்களுக்குப் பரவவிடக்கூடாது என்பதில் டிரம்புலும் இவர் பக்கம்தான். இதற்குப் பெயர் தோல்வியா? கூட்டணிக் கணக்கு தெரிந்த நம்மூர் வட்டச் செயலாளர் கேட்டால் எழுந்து நின்று கும்பிடுவார். இவர்களோ அந்த மனுஷனை ராசியில்லாத அப்பாவியாக்கி, 'விடாமுயற்சி' என்று கீழே சூரியோதயப் படம் போடுகிறார்கள்.

படத்தையாவது ஒழுங்காகப் போடுங்களேன். 1832-இல் தோற்ற 23 வயதுப் பையனுக்கும் அதே தாடி! தாடி வந்ததே 1860 கடைசியில்தான், முகம் ஒல்லியாக இருக்கிறது, தாடி வையுங்கள் என்று 11 வயதுச் சிறுமி ஒருத்தி கடிதம் போட்ட பிறகு.

கடிதம் என்றதும் ஞாபகம் வருகிறது. 'மகனின் ஆசிரியருக்கு லிங்கன் எழுதிய கடிதம்' இன்னும் வரவில்லை. அதையும் அவர் எழுதவில்லை. செப்டம்பர் 5 வரைக்கும் மூச்சு விட்டுக்கொள்ளலாம்.